வாசகர் கேள்வி–பதில்: ஸ்கேனில் கோடு போட்டுத் தரும் கருவிகள்

இம்முறை வந்த கேள்விகளில் பல ஒரே விஷயத்தைப் பற்றியவை. சிடி, எம்.ஆர்.ஐ., எக்ஸ்-ரே படங்களில் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று குறிக்கும் லேபிள் போடும் வேலையில் ரேடியாலஜிஸ்டுக்குக் கைகொடுக்கும் மெஷின் லேர்னிங் மென்பொருட்கள் பற்றியே கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறோம்.

எக்ஸ்-ரேயோடு டாக்டர் எழுதிய ரிப்போர்ட் இருக்கிறதே, தனியாக லேபிள் எதற்கு? ரிப்போர்ட்டையே கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடலாமே?
– பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

கொடுத்துப் பார்த்தாயிற்று. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2017-ல் வெளியிட்ட நெஞ்சு எக்ஸ்-ரே தொகுப்பில் 30,805 பேரின் 1,12,120 படங்கள் இருக்கின்றன. அதிலுள்ள 14 வகை லேபிளும் ரிப்போர்ட்டுகளிலிருந்து மென்பொருள் பொறுக்கி எடுத்தவை. ஆஸ்திரேலிய ரேடியாலஜிஸ்ட் லூக் ஓக்டன்-ரெய்னர் அந்தப் படங்களைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு குறையைச் சொன்னார்: நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்குவது) என்று லேபிள் போட்ட படங்கள் பலவற்றில் ஏற்கெனவே மார்பில் டியூப் செருகியிருக்கிறது. சிகிச்சை தொடங்கிய பிறகு எடுத்த படங்கள் அவை. அவற்றில் பழகிய நிரல் காற்றைத் தேடாமல் டியூபைத் தேடக் கற்றுக்கொள்ளும். அவசரப் பிரிவுக்கு டியூப் இல்லாமல் வந்து மூச்சுத் திணறுகிறவரையல்லவா அது கண்டுபிடிக்க வேண்டும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. ரிப்போர்ட் என்பது ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதுவது. 'முந்தைய படத்தோடு ஒப்பிட மாற்றமில்லை' என்று எழுதினால் அவர்களுக்குப் புரியும், நிரலுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. 'நிமோனியாவாக இருக்கலாம்' என்பது உண்டா, இல்லையா? ஸ்டான்ஃபோர்டு 2019-ல் வெளியிட்ட செக்ஸ்பெர்ட் தொகுப்பில் (2,24,316 படங்கள்) இதற்காகவே 'உண்டு', 'இல்லை' என்பவற்றோடு 'நிச்சயமில்லை' என்று ஒரு வகையைத் தனியாக வைத்தார்கள். எப்படியானாலும் நோய் படத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ரிப்போர்ட் காட்டாது. அதற்கு யாராவது பெட்டி போட வேண்டும், அல்லது விளிம்பைச் சுற்றி வரைந்து, உள்ளே உள்ள பகுதியை நிரப்பி மாஸ்க் ஆக்க வேண்டும்.

ரிப்போர்ட்டால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. பயிற்சிக்கு அதைப் பயன்படுத்தலாம், தேர்வுக்கு, அதாவது நிரலைச் சோதித்துப் பார்க்க, மனிதக் கண் வேண்டும். க்யூர்.ஏஐ நிறுவனம் தலை சிடி நிரலை ஏறத்தாழ 2.9 லட்சம் ஸ்கேன்களின் ரிப்போர்ட்டுகளை வைத்துப் பழக்கியது. பரிசோதிக்கும்போது மட்டும் சிக்யூ500 என்ற 491 ஸ்கேன்களைத் தனியே எடுத்து, மூன்று ரேடியாலஜிஸ்டுகளைத் தனித்தனியாகப் படிக்க வைத்தது. 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அந்த ஆய்வின் இந்த ஏற்பாட்டை இன்றைக்கும் தாராளமாகப் பின்பற்றலாம்.

ஆய்வேட்டுக்காக 60 கல்லீரல் சிடிக்களில் கட்டியின் கன அளவு எடுக்க வேண்டும். துறையில் சாதாரண கம்ப்யூட்டர்தான். இலவச மென்பொருளில் எங்கிருந்து தொடங்குவது? மோனாய் லேபிள் உதவுமா?
– ரேடியாலஜி முதுநிலை மாணவர், மதுரை

3டி ஸ்லைசர் போதும். ஆனால் மென்பொருளைத் திறப்பதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு.

முதலாவது, எந்த ஃபேஸ் (கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்திய பின் படம் எடுக்கும் கட்டம்) என்பது. மூன்று ஃபேஸ் எடுத்திருந்தால் 60 பேருக்கும் ஒரே ஃபேஸை எடுங்கள், பொதுவாகப் போர்ட்டல் வீனஸ். ஸ்லைஸ் (குறுக்குவெட்டுப் படம்) தடிமனும் ஒன்றாக இருக்கட்டும். 1 அல்லது 1.5 மி.மீ. ரீகன்ஸ்ட்ரக்ஷன் பேக்ஸில் (மருத்துவமனையின் ஸ்கேன் சேமிப்பகம்) இருந்தால் அதுவே நல்லது. 5 மி.மீ.யில் ஒரு 10 மி.மீ. கட்டி இரண்டு மூன்று ஸ்லைஸில்தான் தெரியும், ஒரு ஸ்லைஸ் கூடக் குறையப் போனாலே கன அளவு எங்கோ போய்விடும். பாதிப் பேருக்கு மெல்லியது, மீதிக்குத் தடித்தது என்று கலப்பதைவிட எல்லாமே 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வது மேல்.

இரண்டாவது, விண்டோ, அதாவது எந்த அடர்த்தி வரம்பைத் திரையில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை காட்டுவது என்ற அமைப்பு. வயிற்றுக்கு வழக்கமான 400/40-ல் (அகலம்/மட்டம்) பார்த்தால் மங்கலான கட்டியின் விளிம்பு கல்லீரலோடு கரைந்துவிடும். அகலத்தை 150 அளவுக்குக் குறைத்து, மட்டத்தை கான்ட்ராஸ்ட் ஏறிய கல்லீரலின் மதிப்பை ஒட்டி 100 பக்கம் வைத்துப் பாருங்கள். எந்த எண்ணை வைத்தாலும் அதை வழிமுறைத் தாளில் எழுதி, 60-க்கும் மாற்றாமல் வையுங்கள். விண்டோ மாறினால் கண்ணுக்குத் தெரியும் விளிம்பு மாறும், விளிம்பு மாறினால் கன அளவும் மாறும்.

இனி வேலை. ஸ்லைசரில், உறுப்புகளைத் தானாக வரையும் டோட்டல்செக்மென்டேட்டர் எக்ஸ்டென்ஷனை நிறுவுங்கள். சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவானது அது. கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் 'ஃபாஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். படத்தை 3 மி.மீ. நுணுக்கத்துக்குக் குறைத்து ஓட்டும். விளிம்பு சற்று முரடாக வரும், முதல் வரைவுக்கு அது போதும். வந்த கல்லீரல் மாஸ்க்கை அப்படியே நம்பிவிடாமல் நான்கு இடங்களைப் பாருங்கள்: உதரவிதானத்துக்குக் கீழே உள்ள மேல் வளைவு, பித்தப்பை ஒட்டியிருக்கும் பள்ளம், கீழ்ப்பெருஞ்சிரை ஒட்டிப் போகும் பின்பக்கம், விளிம்போரமாக இருக்கும் பெரிய கட்டிகள். நான்காவதுதான் ஆபத்தானது. ஆரோக்கியமான கல்லீரலையே அதிகம் பார்த்த நிரல், ஓரத்தில் உள்ள பெரிய கட்டியைக் கல்லீரல் அல்ல என்று விட்டுவிடும். மாஸ்க் எலி கடித்த ரொட்டி மாதிரி நிற்கும். உங்கள் ஆய்வே கட்டியைப் பற்றியது, ஆகவே முதலில் அதைத் திருத்துங்கள்.

கட்டிக்கு 'செக்மென்ட் எடிட்டர்'. அதில் 'குரோ ஃப்ரம் சீட்ஸ்' (போட்ட கீற்றை விதையாக வைத்துப் பகுதியை வளர்ப்பது) என்ற கருவிக்குக் குறைந்தது இரண்டு செக்மென்ட், அதாவது வரையும் பகுதி, வேண்டும்: கட்டிக்கு ஒரு நிறம், சுற்றியுள்ள கல்லீரலுக்கு ஒரு நிறம். ஆக்சியல், கொரோனல், சாஜிட்டல் (குறுக்கு, முன், பக்கவாட்டு) காட்சிகள் மூன்றிலும் இரண்டிரண்டு கீற்று போட்டு 'இனிஷியலைஸ்' கொடுங்கள். வழிந்த இடத்தில் எதிர் நிறத்தில் ஒரு கீற்று போட்டால் திருத்திக்கொள்ளும். திருப்தியானதும் 'அப்ளை'. மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று:

டோட்டல்செக்மென்டேட்டர் தந்த முழுக் கல்லீரல் செக்மென்டின் கண் குறியை மூடிவிடுங்கள். திறந்திருந்தால் அதையும் விதையாக எடுத்துக்கொள்ளும், கட்டி வளர இடமிருக்காது. அதே சமயம் 'எடிட்டபிள் ஏரியா' என்ற இடத்தில் கல்லீரலுக்குள் மட்டும் என்று குறித்துவிட்டால், நிறம் விலா எலும்புப் பக்கம் ஓடாது.

'மாடிஃபை அதர் செக்மென்ட்ஸ்' என்ற அமைப்பை 'அலவ் ஓவர்லேப்' என்று மாற்றுங்கள். இயல்பாக இருப்பது மேலெழுதும் முறை. கட்டியை வரைய வரைய அடியில் இருக்கும் கல்லீரல் அழிந்துகொண்டே வரும். கடைசியில் கல்லீரலின் மொத்தக் கன அளவு, கட்டி எவ்வளவோ அவ்வளவு குறைந்து நிற்கும், காரணம் தெரியாமல் இரண்டு நாள் போகும்.

மெல்லிய ஸ்லைஸ் முழு வயிற்றுப் படத்தில் இந்தக் கருவி நினைவகத்தை விழுங்கும். 'கிராப் வால்யூம்' கொண்டு முதலில் கல்லீரல் பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள்.

விளிம்பு மங்கலான கட்டிகளில் குரோ ஃப்ரம் சீட்ஸ் தடுமாறும். அங்கே நாலைந்து ஸ்லைஸுக்கு ஒன்று கையால் வரைந்து, இடையில் உள்ளதை 'ஃபில் பிட்வீன் ஸ்லைசஸ்' கொண்டு நிரப்புங்கள். வெளித்தோற்றத்தை வழவழப்பாக்க 'ஸ்மூத்திங்' ஓட்டுவதாக இருந்தால் அளவோடு. சிறிய கட்டிகள் அதில் கரைந்து காணாமலே போகும்.

60-ல் பத்துப் பதினைந்தை உங்கள் ஆசிரியரோ வேறொரு ரேடியாலஜிஸ்டோ உங்கள் மாஸ்க்கைப் பார்க்காமல் வரையட்டும். சில வாரம் கழித்து அதே பத்துப் பதினைந்தை நீங்களும் மறுபடி வரையுங்கள். இந்த இரண்டு ஒப்பீடும் இல்லாத ஆய்வேட்டைத் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே நிறுத்திவிடுவார்.

மோனாய் லேபிள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) உள்ள ஒரு கணினியில் சர்வராக ஓடும், உங்கள் ஸ்லைசர் அதோடு பேசும். 'நெக்ஸ்ட் சாம்பிள்' கொடுத்தால் அடுத்த ஸ்கேன் வரும், 'ரன்' கொடுத்தால் வரைவு வரும். திருத்தி 'சப்மிட்' செய்கிறீர்கள், நடுநடுவே 'டிரெயின்'. நீங்கள் திருத்தத் திருத்த அது கற்றுக்கொள்ளும். 60 ஸ்கேனுக்கு இதை நிறுவுகிற பாடு மிச்சமாகும் நேரத்துக்கு ஈடாகாது என்பது எங்கள் கருத்து. 300, 400 என்று போகும்போது கணக்கு மாறும். டோட்டல்செக்மென்டேட்டரையே இப்படித்தான் கட்டினார்கள். முதல் 5 நோயாளிகளை வரைந்து என்என்யூ-நெட் என்ற வரையும் மாடலைப் பழக்கினார்கள், அதன் வரைவைத் திருத்தினார்கள், 20 பேர் ஆனதும் ஒருமுறை, 100 ஆனதும் ஒருமுறை மறுபடி பழக்கினார்கள். முதல் பதிப்பு 1,204 சிடிக்களில் 104 உடற்கூறு அமைப்புகள் வரை வந்தது அந்தச் சுற்றுகளால்தான்.

எங்கள் மாடலுக்கு டைஸ் மதிப்பெண் 0.95-க்கு மேல். ஆனாலும் மருத்துவமனையில் 'பயன்படாது' என்கிறார்கள். ஏன்?
– பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் மாணவி, கோவை

டைஸ் என்பது இரண்டு மாஸ்க்கும் ஒன்றின்மேல் ஒன்று விழும் பகுதியை இரண்டால் பெருக்கி, இரண்டின் மொத்த அளவால் வகுப்பது. இதில் பெரியது சிறியதை மறைத்துவிடும். 1,500 மி.லி. கல்லீரலில் 20 மி.லி. கட்டியை, அதாவது 3.4 செ.மீ. அளவுள்ள ஒன்றை, உங்கள் மாடல் முழுக்க வெளியே விட்டுவிட்டது என்று வையுங்கள். கணக்குப் போடுங்கள்: 2 × 1,480 ÷ (1,500 + 1,480) = 0.993. டாக்டருக்கு வேண்டிய ஒரே பொருளைத் தொலைத்துவிட்டு 99 மார்க்.

மறுபக்கத்தையும் பாருங்கள். நுரையீரலில் 6 மி.மீ. நாட்யூல் (சிறு முடிச்சு). ஒருவர் சரியாக 6 மி.மீ. உருண்டையாக வரைகிறார், இன்னொருவர் 7 மி.மீ. உருண்டையாக. சுற்றிலும் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம், பல சிடிக்களில் அது ஒரு பிக்சல்கூட இல்லை. டைஸ் 0.77-க்கு இறங்கிவிடும். இரண்டு ரேடியாலஜிஸ்டுகளுக்கு இடையிலேயே அவ்வளவு வித்தியாசம் வரும்.

ஆகவே கட்டி எத்தனை, அதில் எத்தனை பிடித்தது, இல்லாத இடத்தில் எத்தனை காட்டியது என்பதைக் கட்டிக்கட்டியாக எண்ணுங்கள். விளிம்புக்கு 95-ஆம் சதமான ஹவுஸ்டார்ஃப் தூரத்தை (மிக அதிகமான 5%-ஐ விட்டுவிட்டால், இரண்டு விளிம்புகளும் அதிகபட்சம் எவ்வளவு விலகுகின்றன என்பது) மி.மீ.யில் கொடுங்கள். அதோடு மிக மோசமாக வந்த பத்து ஸ்கேன்களைப் படமாகவே எடுத்துப் போய்க் காட்டுங்கள். சராசரி மதிப்பெண்ணைக் காட்டினால் டாக்டர் தலையாட்டுவார். மோசமான பத்தைக் காட்டினால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

மாஸ்க் சரியாக வரைந்தும், இன்ஜினீயர் திறந்தால் வலதும் இடதும் மாறித் தெரிகிறது. யார் மீது தவறு?
– சிடி டெக்னீஷியன், வேலூர்

இருவர் மீதும் இல்லாமல் இருக்கலாம். டைகாம் (ஸ்கேன் இயந்திரம் தரும் வடிவம்) கோப்பு நோயாளியின் இடது, பின், மேல் திசைகளை நேர் திசையாக எண்ணும். நிஃப்டி (ஆய்வாளர்கள் பயன்படுத்தும் வடிவம்) கோப்பு வலது, முன், மேல் திசைகளை எண்ணும். கோப்பின் தலைப்பில் இருக்கும் திசைத் தகவலை எறிந்துவிட்டு வெறும் எண் அடுக்காகச் சேமித்தால் புரளும். ஒரு முழு வயிற்று சிடியைத் திறந்து, கல்லீரல் மேல் கர்சரை வைத்தால் ஆர் (வலது) என்ற எழுத்துப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே உடலுக்கு வெளியே உள்ள காற்றின் மீதும் வையுங்கள், ஹவுன்ஸ்ஃபீல்டு (சிடியின் அடர்த்தி அளவு) மதிப்பு −1000 பக்கம் காட்ட வேண்டும். 0 அல்லது 24 என்று காட்டினால் ரீஸ்கேல் இன்டர்செப்டை (சேமித்த எண்ணை ஹவுன்ஸ்ஃபீல்டாக மாற்றக் கூட்டும் எண்) கணக்கில் எடுக்காமல் மாற்றியிருக்கிறார்கள்.

கருவி வரைந்து கொடுத்ததைத் திருத்திக்கொண்டே இருந்தால் நம் கண் மழுங்கிவிடாதா? 'சரி' என்று தட்டிவிட்டுப் போகும் பழக்கம் வந்துவிடுமே?
– ரேடியாலஜிஸ்ட், திருநெல்வேலி

வரும். 2023-ல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில் 27 ரேடியாலஜிஸ்டுகளுக்கு மேமோகிராம்களை (மார்பக எக்ஸ்-ரே) கொடுத்து, கூடவே ஏஐ சொன்னது என்று ஒரு பைராட்ஸ் (புற்றுநோய்ச் சந்தேகத்தின் அளவைச் சொல்லும் தரம்) மதிப்பையும் காட்டினார்கள். சிலவற்றில் வேண்டுமென்றே தவறான மதிப்பு. ஏஐ சரியாகச் சொன்னபோது ஏறக்குறைய எல்லோரும் 80% பக்கம் சரியாகச் சொன்னார்கள். தவறாகச் சொன்னபோது அனுபவம் குறைந்தவர்கள் 19.8%-க்கும், நல்ல அனுபவசாலிகள் 45.5%-க்கும் இறங்கினார்கள். அனுபவம் காப்பாற்றியது பாதிதான்.

லேபிள் போடும் வேலையில் இது இன்னும் மோசம். ரிப்போர்ட்டில் ஒரு தவறு ஒரு நோயாளியோடு நிற்கும். லேபிளில் வரைவின் தவறை நீங்கள் ஒத்துக்கொண்டால், அடுத்த சுற்றில் மாடல் அதையே பாடமாகப் படித்து, இன்னும் உறுதியாக அதே தவறைக் கொண்டுவந்து நீட்டும். மதிப்பிடும்போதும் தெரியாது, ஏனென்றால் தேர்வுத்தாளும் அதே வரைவிலிருந்து வந்தது.

செய்யக்கூடியவை: தேர்வுக்கான தொகுப்பை எப்போதும் வெற்றுப் படத்திலிருந்தே வரையுங்கள், வரைவை அங்கே காட்டவே கூடாது. பயிற்சித் தொகுப்பிலும் பத்தில் ஒன்றையாவது வரைவில்லாமல் கலந்து விடுங்கள், திருத்தியதற்கும் புதிதாக வரைந்ததற்கும் உள்ள இடைவெளி தெரியும். கட்டி உண்டா இல்லையா என்ற பதிலை முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு வரைவைத் திறக்கும்படி மென்பொருளை அமைக்கச் சொல்லுங்கள். அவ்வப்போது ஒரு கட்டியை வேண்டுமென்றே அழித்த வரைவை உள்ளே நுழைத்து, யார் பிடிக்கிறார் என்று பார்க்கலாம் (முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான், இல்லாவிட்டால் மனஸ்தாபம் வரும்). ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எடுத்த நேரமும் மாற்றிய வாக்சல் (முப்பரிமாணப் படப்புள்ளி) எண்ணிக்கையும் பதிவாகட்டும். தொடர்ந்து முப்பது ஸ்கேனில் மாற்றம் பூஜ்யம் என்றால், கருவி அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று மகிழ வேண்டாம். அவரைத் தேநீர் குடிக்க அனுப்புங்கள்.

இன்னொன்று. ரேடியாலஜிஸ்டுகள் தமக்குள் ஒத்துப்போவார்கள் என்ற எதிர்பார்ப்பையும் குறைத்துக்கொள்ளுங்கள். எல்ஐடிசி என்ற நுரையீரல் சிடி தொகுப்பில் 1,018 ஸ்கேன்களில் ஒவ்வொன்றையும் நான்கு பேர் முதலில் தனித்தனியாகவும், பிறகு மற்றவர்கள் குறித்ததைப் பார்த்தும் படித்தார்கள். 3 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட நாட்யூல் என்று ஒருவராவது குறித்தவை 2,669. நால்வரும் குறித்தவை 928, மூன்றில் ஒரு பங்கு சொச்சம். ஒத்துப்போகச் சொல்லி அவர்களை வற்புறுத்தவில்லை என்பதுதான் அந்தத் தொகுப்பின் அருமை, கருத்து வேறுபாடும் தரவாக அதில் இருக்கிறது. வியட்நாமின் வின்டிஆர் நெஞ்சு எக்ஸ்-ரே தொகுப்பு வேறு வழியில் போனது: பயிற்சிக்கான 15,000 படங்களுக்கு மும்மூன்று பேர் தனித்தனியாக, தேர்வுக்கான 3,000 படங்களுக்கு ஐந்து பேரின் ஒருமித்த முடிவு. கையில் உள்ள பணம் குறைவு என்றால் இந்த இரண்டாவது முறையைத்தான் பரிந்துரைப்போம். ஆள்பலத்தைத் தேர்வுத் தொகுப்பில் கொட்டுங்கள்.

ஒரு கிளிக்கில் எதையும் வெட்டிக் கொடுக்கும் 'செக்மென்ட் எனிதிங்' வந்துவிட்டதே, இனி இந்தப் பாடெல்லாம் எதற்கு?
– ஐ.டி. ஊழியர், சென்னை

மெட்டா 2023 ஏப்ரலில் வெளியிட்ட அந்த மாடல் படித்தது 1.1 கோடி சாதாரணப் புகைப்படங்களை. நாய்க்கும் சோஃபாவுக்கும் நடுவே விளிம்பு தெளிவாக இருக்கும். கணையத்துக்கும் சிறுகுடலுக்கும் நடுவே அப்படி இருக்காது. ஸ்லைஸ் ஸ்லைஸாகப் பார்ப்பதால் மேலும் கீழும் உள்ள தொடர்ச்சியும் அதற்குத் தெரியாது. மருத்துவப் படமும் அதன் மாஸ்க்கும் சேர்ந்த ஜோடிகள் 15 லட்சத்துக்கும் மேல் கொடுத்துப் பழக்கிய மெட்சாம் என்ற வடிவம் மேல். தெளிவான விளிம்புள்ள கட்டியைச் சுற்றிப் பெட்டி போட்டால் நன்றாகவே வெட்டித் தரும். எங்கே பெட்டி போட வேண்டும் என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிரமம் அங்கேதான் இருக்கிறது.

ஸ்கேன்களை வெளியே லேபிள் போட அனுப்பும் முன் நோயாளியின் பெயரை அழித்துவிட்டால் போதுமா?
– மருத்துவ அலுவலர், யாழ்ப்பாணம்

போதாது. டைகாம் தலைப்பில் பெயரோடு பிறந்த தேதி, அக்செஷன் எண் (அந்தப் பரிசோதனையின் பதிவெண்), பரிந்துரைத்த டாக்டர், நிறுவனம் எல்லாம் இருக்கும். இயந்திர நிறுவனங்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் பிரைவேட் டேக்குகளிலும் பெயர் ஒளிந்திருப்பதுண்டு. வட அமெரிக்க ரேடியாலஜி சங்கத்தின் இலவசக் கருவியான சிடிபி, டைகாம் தரநிலையின் அடையாள நீக்க விதிகளின்படி இவற்றை மொத்தமாக நீக்கும். தேதிகளை அழித்துவிடாமல், ஒரு நோயாளியின் எல்லாத் தேதிகளையும் ஒரே எண்ணிக்கை நாள் தள்ளிப் போடுங்கள். இரண்டு ஸ்கேனுக்கு இடையிலான இடைவெளி ஆய்வுக்கு வேண்டும்.

தலைப்பைச் சுத்தம் செய்தாலும் படத்துக்குள்ளேயே எழுத்து பதிந்திருக்கும் இடங்கள் உண்டு: அல்ட்ராசவுண்டின் மேல் பட்டை, சிடியோடு வரும் டோஸ் (கதிர்வீச்சு அளவு) ரிப்போர்ட், செகண்டரி கேப்சர் (திரையைப் பிடித்துச் சேமித்த) படங்கள். டோஸ் ரிப்போர்ட்டையும் கேப்சரையும் அனுப்பாமலே விட்டுவிடலாம். கோப்புறையின் பெயர் நோயாளியின் பெயராக இருக்கிறதா என்றும் பாருங்கள், அதிகம் தவறுவது அங்கேதான். தலை சிடி, எம்.ஆர்.ஐ. என்றால் முகத்தைச் சிதைத்து அனுப்புங்கள். 2019-ல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 84 தன்னார்வலர்களின் எம்.ஆர்.ஐ.யிலிருந்து முகத்தை உருவாக்கி முகமறியும் மென்பொருளிடம் கொடுத்தபோது 70 பேரை அது சரியாக அடையாளம் கண்டது.

உங்கள் நாட்டில் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இந்தியாவில் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். எங்கிருந்தாலும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் இல்லாமல் ஒரு கோப்பும் வெளியே போகக் கூடாது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பி லேபிள் கேட்பது அறவே வேண்டாம். பெயர் போகிறது என்பதோடு, ஹவுன்ஸ்ஃபீல்டு மதிப்புகளும் காணாமல் போகும்.

ரேடியோகிராபி படித்திருக்கிறேன். வீட்டிலிருந்தே ஸ்கேன் அனோட்டேஷன் (லேபிள் போடும்) வேலை தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. டாக்டராக இல்லாதவர் இதைச் செய்யலாமா?
– வாசகி, சேலம்

உறுப்புகளின் எல்லையை வரைவது, கருவியின் வரைவைத் திருத்துவது இவற்றைப் பயிற்சிக்குப் பிறகு தாராளமாகச் செய்யலாம். உங்கள் படிப்பில் குறுக்குவெட்டு உடற்கூறு இருக்கிறது, அதுவே பெரிய பலம். கட்டியா இல்லையா, எந்த வகை என்பதை முடிவு செய்வது ரேடியாலஜிஸ்டின் வேலை. அதையும் உங்களையே செய்யச் சொன்னால் ஒதுங்கிவிடுங்கள்.

சேரும் முன் மூன்று கேளுங்கள். எழுத்தில் வழிகாட்டித் தாள் இருக்கிறதா, அதில் படங்களோடு 'இதைச் சேர், இதை விடு' என்று இருக்கிறதா? சந்தேகமான ஸ்கேனை ரேடியாலஜிஸ்டுக்கு அனுப்ப ஒரு பொத்தான் இருக்கிறதா, அனுப்பினால் உங்கள் கூலி குறையுமா? கூலி ஸ்கேன் கணக்கா, மணிக் கணக்கா? ஸ்கேன் கணக்கு என்றால் சுத்தமான 20 ஸ்கேன் செய்பவருக்கும், மூன்று அறுவை சிகிச்சை ஆன வயிற்றை நாள் முழுக்க மல்லுக்கட்டியவருக்கும் ஒரு ஸ்கேனுக்கு ஒரே விலை. ஆகவே கடினமான ஸ்கேனுக்குத் தனி விலை உண்டா என்பதை வேலைக்கு ஒத்துக்கொள்ளும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.